மசால் தோசையும் கோதுமை பீரும்: பெங்களூர்ப் பாலைத்திணை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெங்களூரில் நல்ல தோசை கிடைக்கும். நல்ல பீரும் கிடைக்கும். இரண்டும் ஒரே மேசைக்கு வருவதில்லை. இந்தப் பிரிவுத்துயரைத் தமிழாய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளாதது வியப்புக்குரியது. ஒரே ஊரில் இருந்தும் கூட முடியாமல் தவிப்பவர்களைப் பாட அகமரபில் தாராளமாக இடமுண்டு. ஆகவே முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் வகுத்த சட்டகத்துக்குள் தோசையையும் பீரையும் வைத்து ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. இவற்றுள் தலைவன் யார், தலைவி யார் என்ற வினா தவிர்க்கப்பட்டுள்ளது. அதை எழுப்பிய அன்று இவ்வாய்வாளருக்கும் இணை ஆய்வாளருக்கும் பேச்சுவார்த்தை முறிந்து, பில்லைத் தனித்தனியாகக் கட்ட நேர்ந்தது.

ஆய்வு எல்லை

களமாகத் தமிழ்நாட்டைக் கொள்ளாதது ஏன் என்று முதலிலேயே கேட்பார்கள். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அங்கே பீர் வகைகளை ஒப்பாய்வு செய்யப் போன எவரும் ‘கூலிங் இருக்கா?’ என்ற முதல் வினாவைத் தாண்டியதாகத் தகவல் இல்லை. பெங்களூரில் நிலைமை வேறு. 2010இல் இந்திராநகர் 100 அடி சாலையில் டாய்ட் என்ற பீர்க்கடை வந்தது. அடுத்த ஆண்டு விட்டல் மல்லையா சாலைப் பக்கம் பியர் கிளப் வந்தது. அதன்பின் தெருவுக்குத் தெரு செம்புத் தொட்டியும் எஃகுத் தொட்டியும் வைத்து அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் மைக்ரோப்ரூவரிகள் பெருகின.

கலைச்சொற்களுக்கு வரையறை வேண்டும். நல்ல தோசையாவது, கல்லிலிருந்து எடுத்ததற்கும் தட்டில் விழுந்ததற்கும் நடுவே யாரும் நின்று பேசாத தோசை. நல்ல பீராவது, தான் காய்ச்சப்பட்ட தொட்டியைக் குடிப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே காணமுடிகிற பீர். இந்த இரண்டாம் வரையறையால், பாட்டிலில் அடைத்து நாடு முழுக்கப் போகும் பெருநிறுவன பீர்கள் ஆய்வுக்கு வெளியே நிற்கின்றன. அவை தாகத்துக்கு உரியவை.

நீக்கங்கள் இன்னும் இரண்டு உண்டு. எம்.டி.ஆர். என்று உலகம் அறிந்த மாவள்ளி டிபன் ரூம்ஸ் 1924இல் வேர்விட்ட கடை. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வர, ரவையைக் கொண்டு இட்லி செய்தது தாங்களே என்று உரிமை கொண்டாடுகிறது. முந்திரி பதித்த அந்த ரவா இட்லியின் முன் இவ்வாய்வாளர் தலைவணங்குகிறார். ஆயினும் அது சோடா உப்பால் உப்புவது. இரவெல்லாம் புளித்துப் பொங்குவதன்று. எனவே மாதிரியிலிருந்து நீக்கப்பட்டது. (நீக்கப்பட்ட பின் உண்ணப்பட்டது.) மங்களூர்ப் பக்கத்து நீர் தோசையும் இவ்வாறே. அரைத்த கையோடு ஊற்றும் அந்தத் தோசை புளிப்புக்கு நேரமே தருவதில்லை. இந்த இரண்டாம் நீக்கத்தை அற்பமென்று கருத வேண்டாம். ‘எங்களிடமும் தோசை உண்டே’ என்று சில பீர்க்கடைகள் கோழி நெய் ரோஸ்ட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைப்பது இந்த நீர் தோசையைத்தான். சுவை இருக்கலாம். சான்றாக ஏற்க இயலாது.

முறையியல்

மாதிரி அளவு போதாது என்று புறத்தேர்வாளர் சொல்லக்கூடும். அவருக்கு விடை பீர் ஆலையிலேயே இருக்கிறது. டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் என்பவருக்கு, நாலைந்து மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பார்லியைப் பற்றியும் காய்ச்சலைப் பற்றியும் முடிவுக்கு வரவேண்டிய கட்டாயம் இருந்தது. சிறிய மாதிரிகளுக்கென்றே ஒரு புள்ளியியல் முறையை வகுத்து 1908இல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை ஆலை விரும்பாததால் ‘ஸ்டூடன்ட்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். மருந்துக் கம்பெனிகளும் முனைவர் பட்டம் நாடும் சகலரும் இன்று போடும் டி-சோதனை அதுதான். ஆக, கொஞ்சம் ருசித்துவிட்டு உறுதியாகப் பேசலாம் என்பதற்கான கணித நிரூபணம் பீர் உலகின் கொடை. நடைமுறையில், நிறையக் குடித்துவிட்டு உறுதியாகப் பேசுவதே பெருவழக்காகக் காணப்படுகிறது.

இணை ஆய்வாளர் ஓசூர்க்காரர். கடைசி பஸ் போய்விடுமோ என்ற அவருடைய அச்சமே தரவு சேகரிப்பை அவ்வப்போது முடித்து வைத்தது. அந்த பஸ்ஸுக்கு இக்கட்டுரை கடன்பட்டிருக்கிறது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

பிரிவுக்கு முதல் காரணம் கொசு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்ச்சலுக்கு ஆள்களைப் பறிகொடுத்த ஆங்கிலேயப் படை, 1809இல் பெங்களூருக்கு வந்து தண்டு இறங்கியது. பழைய பேட்டை மேற்கே, கன்டோன்மென்ட் கிழக்கே. 1862இல் இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிட்டி. 1870இல் நடுவில் கப்பன் பூங்கா. இந்தியா விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாகின. மாநகராட்சியைச் சேர்க்கலாம், வயிற்றுப் பழக்கத்தை அரசாணை போட்டுச் சேர்க்க முடியுமா?

கிழக்கே பட்டாளம், ஒப்பந்தக்காரர், சமையல்காரர், குதிரைக்காரர் என்று தமிழர் நிறைந்தனர். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் கன்னடம் தெரியாமல் ஒரு முழு நாளை ஓட்டலாம். பட்டாளம் இருந்தால் பீர் இருக்கும். தென்னிந்தியாவின் பழைய ஆலைகள் சிலவற்றை ஒன்றுசேர்த்துத் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தொடங்கிய யுனைடெட் ப்ரூவரீஸ், 1947இல் விட்டல் மல்லையாவை இயக்குநராக ஏற்றது. கடன் சொல்லும் பழக்கமும் இந்தப் பக்கத்துச் சொத்து என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது: பெங்களூர் கிளப்பின் பழைய கணக்குப் புத்தகத்தில், வசூலிக்க முடியாத பாக்கிகள் வரிசையில், லெப்டினன்ட் வின்ஸ்டன் சர்ச்சில் பெயருக்கு நேரே 13 ரூபாய். அந்தப் பாக்கி எதற்காக ஏற்பட்டதென்று ஊகிக்க இவ்வாய்வாளர் விரும்பவில்லை. இரண்டு மசால் தோசைக்காக இருந்திருக்காது.

மேற்கே கதை வேறு. 1898 பிளேக்குக்குப் பின் நெரிசலை விட்டு மக்கள் பசவனகுடிக்கும் மல்லேஸ்வரத்துக்கும் பரவினர். அங்கே பள்ளிகள், கோயில்கள், பூ விற்கும் வீதிகள், அவற்றுக்கு நடுவே டிபன் கடைகள். காந்தி பஜாரில் அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்களை நம்பி 1943இல் தொடங்கியது வித்யார்த்தி பவன். மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசைக்குப் பேர்போன சி.டி.ஆர். சங்கரபுரத்தில் 1965 முதல் பிராமின்ஸ் காபி பார். சாம்பாரே இல்லை, கேட்கவும் கூடாது, சட்னி மட்டும் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். ஒரு பொருளை நன்றாகச் செய்யத் தெரிந்தவன் இன்னொன்றைச் செய்ய மறுக்கும் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். அந்தச் சட்னிக்கு முன்னால் சாம்பாரின் இன்மை தெரிவதில்லை.

பொழுது விஷயத்தில் தரவுகள் திகைக்க வைக்கின்றன. பாலைக்குச் சிறுபொழுது நண்பகல். பழைய தோசைக்கடைகள் பல கதவைச் சாத்துவதும் அதே நண்பகலில்தான். முல்லைக்குச் சிறுபொழுது மாலை. பீர்க்கடை நிறைவது மாலையில். பிரியாணியைச் சேர்த்துக்கொண்டால் சிக்கல் இன்னும் முற்றும். தொன்னையில் சீரகச் சம்பா பிரியாணி கட்டும் மிலிட்டரி ஹோட்டல்களில் மதியம் மூன்று மணிக்குப் போனால் பாத்திரம் தேய்க்கும் ஓசைதான் கேட்கும். ஹொசகோட்டேயில் விடிவதற்கு முன்பே கார்கள் வரிசை கட்டி, தம் பிரியாணிக்காகத் தூக்கக் கலக்கத்தோடு ஆள்கள் நிற்கிறார்கள். வைகறை மருதத்துக்கு உரியது என்று மட்டும் குறிப்பிட்டு, அந்த வரிசையில் நின்று தரவு சேகரிக்கும் பொறுப்பை அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்கு விட்டுச்செல்கிறோம்.

கருப்பொருள்: மாவும் நொதியும் நீரும்

இனி வேதியியல். இட்லி, தோசை மாவைப் புளிக்க வைப்பதில் முன்நிற்கும் நுண்ணுயிர் லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம், கரியமில வாயு, கூடவே சொற்பமாக எத்தனால் ஆகியவற்றைத் தருகிறது. சாராயமேதான். நம் பாட்டிமார் இரவில் மூடி வைத்து, பொழுது விடிந்ததும் பொங்கி வழிந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த பானைக்குள் நடந்தது இது. காய்ந்த கல்லில் ஊற்றியதும் அது ஆவியாகிவிடுவதால் தோசையின் நற்பெயருக்குக் களங்கம் இல்லை.

மாவு எந்த அளவுக்குப் புளித்தது என்று அளக்க பிஎச் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் பிறந்த இடம் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வகம். 1909இல் சோரன்சன் வகுத்தது. நன்றாகப் புளித்த மாவு அந்தக் கோலில் 4.5க்குச் சற்று முன்பின் நிற்கும். காய்ச்சி முடித்த பீரும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கும். மேலும் ஒரு பொருத்தம்: தோசை முறுகும்போது வரும் பொன்னிறமும் மணமும், முளைகட்டிய பார்லியைச் சூட்டில் உலர்த்தும்போது வரும் நிறமும் மணமும், 1912இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த ஒரே வினையின் விளைவு. ஜோசியர் இந்த ஜாதகங்களைப் பார்த்தால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் தேதி குறித்துவிடுவார்.

தூது விடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சிய ஒரு பீர் உண்டு: தோசைத் தரப்பிலிருந்து அரிசி தூது போயிருக்கிறது. பதிலுக்கு, தர்ஷினி என்ற பெயரில் நடக்கும் எந்த டிபன் கடையில் நுழைந்தாலும் விலைப்பலகையில் காபிக்குக் கீழே ராகி மால்ட் இருக்கும். முளைகட்டிய தானியம், பீர்த் தரப்பின் தூது. இரண்டு தூதர்களும் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். காங்கிரஸ் கடலெ மட்டுமே இரு பக்கமும் தடையின்றிப் போய்வருகிறது. இரண்டாகப் பிளந்து காரம் பிரட்டிய இந்த வேர்க்கடலையின் மீது 1969இல் கட்சி பிளந்த கதையை ஊரார் ஏற்றிச் சொல்வார்கள். பசவனகுடி பேக்கரியிலும் கிடைக்கும், கன்டோன்மென்ட் மதுக்கடையிலும் கிடைக்கும்.

தட்பவெப்பம் ஒருதலைப்பட்சமானது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. மாவு பொங்க 30 டிகிரி வெப்பம் உகந்தது. டிசம்பர் இரவுகளில் இங்கே அதில் பாதிதான் இருக்கும். ஏல் வகைப் பீர் புளிக்க 20 டிகிரி போதும். இயற்கை இந்த ஊரைப் பீருக்கென்று படைத்திருக்க, ஊர் தோசையால் பேர் வாங்கியது. மார்கழியில் மாவுப் பாத்திரத்துக்குப் போர்வை சுற்றும் குடும்பங்கள் இந்த முரணை அறியும்.

அடுத்தது நீர். கருப்பொருள்களில் இதுவே நுட்பமானது, இணை ஆய்வாளர் உணர்ச்சிவசப்பட்டதும் இங்கேதான். பெங்களூரின் குழாய்களில் வருவது பெரும்பாலும் காவிரி. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெக்காடனஹள்ளி வழியாக, சுமார் 500 மீட்டர் உயரம் மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகப் போன 14.75இல் 4.75 டிஎம்சி பெங்களூர் மக்களின் குடிநீருக்கு.

குடிப்பதற்கான நீர் என்றுதான் கணக்கு. எந்த நிலையில் குடிக்க வேண்டும் என்பது பற்றிய பேச்சு இல்லை. பீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். டெல்டாவில் வேரும் பெங்களூரில் வேலையுமாக இருக்கும் ஒருவர், இந்திராநகரில் உட்கார்ந்து அரை லிட்டர் கோதுமை பீரை அருந்தும்போது, கடைமடைக்கு வரவேண்டிய நீரைத் தலைமடைக்கே போய்ப் பெற்றுக்கொள்கிறார் என்று வாதிட இடமுண்டு. 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்ல 17 ஆண்டு ஆயிற்று. இங்கே சிப்பந்தி வந்து ‘இன்னொண்ணு, சார்?’ என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகிறது. இவ்விதம் மீட்கப்படும் நீர் மேட்டூர் நீர்மட்டத்தில் பிரதிபலிக்காது என்று இணை ஆய்வாளரிடம் எடுத்துச் சொன்னோம். ‘சொட்டு நீர்ப் பாசனம்னு வெச்சுக்குங்க’ என்றார்.

இந்த வாதத்தை உறுதிப்படுத்தக் கடைகளில் விசாரித்தோம். குழாயா, ஆழ்துளைக் கிணறா, டேங்கர் லாரியா என்று கேட்டால் ‘ஆர்.ஓ. சார்’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் போனால் எந்த நதிக்கும் முகவரி இருக்காது. பின்பு செக் நாட்டுப் பில்சன் ஊரின் மென்னீர் வேண்டுமா, இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஜிப்சம் கரைந்த நீர் வேண்டுமா என்று பார்த்து உப்புகளைக் கணக்காகக் கூட்டுவார்கள். மாநிலங்களுக்கிடைப் பிரச்சினை அங்கே சத்தமில்லாமல் சர்வதேசமாகிவிடுகிறது.

எதிர்க்கட்சிச் சான்றையும் மறைக்கக் கூடாது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991இல் வைக்கப்பட்டு, 18 ஆண்டு துணியால் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மைக்ரோப்ரூவரிகள் ஊருக்குள் வந்தது அதன்பிறகு. கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியவரின் கண்கட்டை அவிழ்த்த கையோடு எதிரில் பீர்த் தொட்டிகளை நிறுத்தியது காலத்தின் குரூரம். ஆனால் அவரே மருந்து அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து அடுத்ததை உண்ணச் சொல்கிறார். அந்த அறிவுரையை இவ்வாய்வு முழுமையாகப் பின்பற்றியது. எப்படி என்பது பரிந்துரைகளில் தெரியும்.

ஒரு சோதனை

தோசை வராத மேசையில் தோசையின் காரத்தையாவது வரவழைக்க முடியுமா? இணை ஆய்வாளர் தம் வீட்டு இட்லிப் பொடியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்தார். பெயர் சொல்ல முடியாத ஒரு ப்ரூவரியில், உருளைக்கிழங்கு வறுவலின் மீது அது தூவப்பட்டது.

முதலில் ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. இது தோல்வி, அதுவும் கண்ணீரோடு கூடிய தோல்வி. மிளகாயின் கேப்சைசின் போய்த் தட்டும் நரம்புவாயிலை அடையாளம் கண்டதற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டிஆர்பிவி1 என்று பெயர். வழக்கமாக 42 டிகிரி பக்கம்தான் அது ‘சுடுகிறது’ என்று அலறும். சாராயம் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடும். உடலின் சூடு 37. அதாவது, சாராயத்துக்கு முன்னால் நம் நாக்கே நமக்குச் சுடுபொருள். நுரைக்குமிழிகளும் தம் பங்குக்குக் குத்தும். காரத்துக்குப் பீர் ஆற்றுமருந்து என்று காலங்காலமாக நம்புகிறவர்கள் எரியும் அடுப்புக்குள் விசிறியை நீட்டுகிறார்கள்.

அடுத்தது ஜெர்மன் முறைக் கோதுமை பீர். அதன் ஈஸ்ட் ஐசோஅமைல் அசிடேட் என்ற மணப்பொருளைத் தருவதால் பழுத்த வாழைப்பழ வாசம் வரும். உடன் கொஞ்சம் கிராம்பு. கசப்பு குறைவு, லேசான தித்திப்பு, கலங்கல். பொடியின் உளுந்தும் பெருங்காயமும் அதோடு சண்டையின்றிச் சேர்ந்தன. மைசூர் மசாலா தோசையின் உள்பக்கம் தடவும் செஞ்சட்னிக்கும் இதுவே துணை என்பது எங்கள் துணிபு. கறுத்த ஸ்டவுட்டை ஆராயும் முன் பஸ் நேரம் வந்துவிட்டது.

இடையில் சிப்பந்தியிடம், ‘தம்பி, தோசை ஏதாவது இருக்கா?’ என்று இணை ஆய்வாளர் கேட்டார்.

‘நாச்சோஸ் இருக்கு சார்.’

‘அதுல உளுந்து போடுவாங்களா?’

சிப்பந்தி மேலாளரை அழைத்து வந்தார். பொடி கைப்பற்றப்படவில்லை, மேலாளரும் இரண்டு வறுவலை எடுத்து அதில் தோய்த்துப் பார்த்தார். அவர் சேலத்துக்காரர்.

உரிப்பொருள்: பிரிதலா, இருத்தலா?

வேதியியல் சேர்க்க நினைப்பதை எது தடுக்கிறது? ஆசாரம் என்பார் சிலர். தோசைக்கடைகளில் பெரும்பங்கு உடுப்பி மரபிலிருந்து வந்தவை. பூஜை மணியும் ஊதுபத்தியும் உள்ள இடத்தில் பீர்க் குழாய் வைப்பதெப்படி? லைசென்ஸ் கட்டணம் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மை. இரண்டும் போதாதவை. காசுக்கு முன்னால் ஆசாரம் வழிவிட்ட இடங்கள் நாட்டில் ஏராளம். மெய்யான காரணம் நாற்காலி என்பது இவ்வாய்வின் முடிபு.

தோசை வியாபாரம் நாற்காலியைப் பகைவனாகக் கருதுகிறது. சில நூறு ரூபாய் பில்லுக்கு ஓர் ஆள் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கல்லாப்பெட்டி வாடும். இந்தப் பகையைத் தர்க்கத்தின் கடைசிப் படிவரை கொண்டுபோனது 1983இல் ஜெயநகரில் வந்த கஃபே தர்ஷினி: நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். நின்றபடி தின்று, நின்றபடி காபியைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து, கை கழுவிப் போய்விடலாம். ஊரே அந்த முறையைப் பற்றிக்கொண்டது. நாற்காலி உள்ள கடையிலும் அது நமக்குச் சொந்தமில்லை. வித்யார்த்தி பவனில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, வரிசையாகத் தோசைத் தட்டுகளை ஒரே கையில் தோள் வரைக்கும் அடுக்கிக்கொண்டு வருபவரை அண்ணாந்து பார்த்து, தட்டு இறங்கிய கணத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். பின்னால் நிற்பவருடைய பார்வை முதுகில் விழுந்துகொண்டே இருக்கும்.

பீர் வியாபாரமோ நாற்காலியைத்தான் விற்கிறது. அதிலும் சாய்மானம் உள்ளதை. ஆள் எவ்வளவு நேரம் அமிழ்ந்திருக்கிறாரோ அவ்வளவு லாபம். எழுந்துவிடப் போகிறார் என்று தோன்றினால் பாட்டைக்கூட மாற்றிப் பார்ப்பார்கள்.

ஆகக் காத்திருத்தல் இரண்டு இடத்திலும் உண்டு. தோசைக்கு வெளியே காத்திருக்கிறோம், பீரோடு உள்ளே காத்திருக்கிறோம். தோசைக்கடை வாசலில் பெயர் கொடுத்துவிட்டு, ‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்ண்ணா?’ என்று கேட்டால் ‘பத்து நிமிஷம்’ என்பார்கள். அரைமணி கழித்துக் கேட்டாலும் பத்து நிமிஷம்தான். ஒளியின் வேகத்துக்குப் பிறகு பிரபஞ்சத்தில் இவ்வளவு மாறாத எண்ணை இவ்வாய்வாளர் கண்டதில்லை. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வரும் நெய்மணத்தை முகர்ந்து, வெளியே வருபவர்களின் வயிற்றை அளந்து, யாருடைய பெயர் நமக்கு முன்னால் நுழைந்தது என்று சந்தேகித்து, நாமும் மாவைப் போலவே உள்ளுக்குள் புளித்துப் பொங்கிவிடுகிறோம். அதன்பின் வரும் தோசை மோசமாக இருக்க வழியே இல்லை. வரிசையில்லாத கடையில் அதே தோசையைத் தின்றுவிட்டு ‘பரவாயில்லை’ என்று சொன்ன அறிஞர்கள் உளர். பீர்க்கடையில் இதே பொங்குதல் நமக்காகத் தொட்டிக்குள் முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கிறது. ஒரு வாரமோ மூன்று வாரமோ அது காத்திருந்த காலத்தை நாம் ஒரு மாலையில் கரைக்கிறோம்.

பிரிதல் பாலைக்கு உரியது, ஆற்றியிருத்தல் முல்லைக்கு. எனவே பாலை என்று தொடங்கிய இக்கட்டுரையின் பொருள் உண்மையில் முல்லை. புலவர்கள் இதைத் திணைமயக்கம் என்பார்கள். இந்திராநகரில் வெறும் மயக்கம் என்று சொல்வார்கள்.

விதிவிலக்குகளைச் சொல்லாவிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வோம். செயின்ட் மார்க்ஸ் சாலைக் கோஷீஸில் பீரும் உண்டு, கேரளத்து ஆப்பமும் ஸ்ட்யூவும் உண்டு, எத்தனை மணி நேரமும் உட்காரலாம். ஆப்பம் புளித்த அரிசிமாவுதானே? ஆம், ஆனால் அங்குள்ள பீர் பாட்டிலிலிருந்து வருவது, நம் வரையறைக்குப் பொருந்தாது. இன்னும் நெருங்கிய வழக்கு ஏர்லைன்ஸ் ஹோட்டல். லாவெல் சாலைக்குப் பக்கத்தில், கப்பன் பூங்காவுக்கும் அதிகத் தொலைவில்லாத இடத்தில், மரநிழலில் தோசை. அங்கிருந்து பியர் கிளப்புக்கு நடந்தே போகலாம். நகரில் தலைவனும் தலைவியும் இத்தனை நெருங்கிவரும் இடம் இதுவென்றே தோன்றுகிறது. தோசையைக் கட்டிக்கொண்டு அங்கே போனாலோ, வாழை இலைக்குள் வியர்த்து, முறுகல் செத்து, துணிபோலத் துவண்டுவிடும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்க்கும் நிலைமைகூட வராது. பீரை ஏர்லைன்ஸ் மரத்தடிக்குக் கொண்டுவரலாமென்றால், குழாயை விட்டு வெளியேறிய சற்று நேரத்தில் நுரை அடங்கி அது கஷாயமாகிறது.

பரிந்துரைகள்

இரண்டையும் சேதமின்றிச் சுமந்து செல்லத் தகுந்த ஒரே பாத்திரம் ஆய்வாளரின் இரைப்பை. எனவே சந்திப்பை மேசையிலிருந்து அங்கே மாற்றும்படி இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. எதை முதலில் செலுத்துவது என்பதில் இரண்டு வரிசைகளும் சோதிக்கப்பட்டன. பீரை முந்தவிட்டால், தோசைக்கடை வாசலில் நம் பெயரை நாமே இரண்டுமுறை கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது. இணை ஆய்வாளர் பெயரைக் கூப்பிட்டபோது அவர் வேறு யாரையோ கூப்பிடுவதாக எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலும் இரவு எட்டுமணிக்கு மேல் மேற்கே கல் ஆறிவிடும். ஆகவே தோசை முதலில்.

பிற்பகல் காந்தி பஜாரில் தொடங்குக. தோசையை முடித்துக் காபியும் குடித்து, நேஷனல் காலேஜ் மெட்ரோ நிலையம் வரை நடந்து, பச்சை வழித்தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் ஊதா வழித்தடத்துக்கு மாறி, இந்திராநகரில் இறங்குக. நடையும் நெரிசலும் மெஜஸ்டிக்கின் படிக்கட்டுகளும் சேர்ந்து, மருந்து அதிகாரத்தின் நிபந்தனையை நிறைவேற்றித் தரும். ரயில் கப்பன் பூங்காவுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது. 1809 முதலான தகராறு சில நிமிடங்களில் கடந்துவிடும். கார் வேண்டாம், திரும்பி வரும்போது ஓட்ட முடியாது, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு பக்கம் வீடு இருந்தால் போகும்போதே ஓட்ட முடியாது.

இரண்டாம் கட்ட ஆய்வில் ஸ்டவுட்டும் மத்தூர் வடையும் எடுத்துக்கொள்ளப்படும். நிதி நல்கும் நிறுவனங்கள் விண்ணப்பத்தோடு இணைத்துள்ள செலவுப் பட்டியலைப் பரிசீலிக்கக் கோருகிறோம். அதில் ‘இதரம்’ என்ற தலைப்பில் பெருந்தொகை இருப்பது அச்சுப்பிழையன்று. களப்பணியைப் பார்வையிட வர விரும்பும் அதிகாரிகள் எந்த நாளும் வரலாம், வெள்ளிக்கிழமை தவிர. வெள்ளிக்கிழமை வித்யார்த்தி பவன் விடுமுறை.